படத்தில் விழாத தூரம்

பின்சீட்டில் இருக்கிற மனிதர் தூங்குகிறாரா இல்லையா என்பது மட்டும் தெரிந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்று வெயிலுமுத்து நினைத்தார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சந்தேகம் அவருக்கு வந்ததே இல்லை. ரோட்டைப் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் தலைக்கு மேலே தொங்குகிற சின்னக் கண்ணாடியைப் பார்த்தே அவர் காலம் போயிருக்கிறது. பல்கலைக்கழகத்துப் பெரிய மனிதர்கள் எல்லாரையும் அவருக்குக் கண்களாகத்தான் தெரியும். புருவம், கண், கொஞ்சம் நெற்றி, அவ்வளவுதான். அவர்களுக்கு அவரைப் பிடரியாகத் தெரியும். எதிரே நின்று பார்த்தால் யார் யாரை அடையாளம் சொல்வார்கள் என்று கேட்டால் சொல்ல முடியாது. துணைப் பதிவாளர் கோயில்பிள்ளை தூங்கினால் முதலில் இடது கண் சொருகும், பிறகு வலது கண், அதற்குப் பிறகு வாய் லேசாகத் திறந்து ஒரு விசில் சத்தம் வரும். ஆனால் அது கண் தெரிந்த காலத்துக் கதை. இப்போது அந்த ஆளுக்குக் கண்புரை ஆப்பரேஷன் ஆகி, பக்கவாட்டிலும் அடைத்த பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்று முகத்தில் பாதியை மூடிக்கொண்டிருக்கிறது. ஜன்னல் வழியாக வருகிற காற்று விசில் சத்தத்தையும் கொண்டுபோய்விடுகிறது. கண்ணும் இல்லை, சத்தமும் இல்லை. கறுப்பாக இரண்டு வட்டம், அதில் ரோடு சின்னதாக ஓடுகிறது.

"அடுத்தது சொல்லட்டுமா அங்கிள்?" என்றாள் பின்சீட்டில் கோயில்பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை. நிலோபர் என்று பெயர் சொன்னாள். சமூகவியல் துறையில் ஆராய்ச்சி செய்கிறாளாம், நாகப்பட்டினம் பக்கத்துப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிற எல்லாரிடமும், பேராசிரியரிலிருந்து தோட்ட வேலை பார்க்கிறவர் வரைக்கும், இங்கே உங்களையும் ஒருவராக நினைக்கிறார்களா, நீங்கள் அப்படி நினைக்கிறீர்களா என்று கேட்டு எழுதுகிறார்கள். எல்லாரையும் பிடித்துவிட்டார்கள், டிரைவர்களை மட்டும் பிடிக்க முடியவில்லையாம். ஷெட்டுக்கு வந்தால் ஒருத்தர் ஏர்போர்ட்டில் இருக்கிறார், ஒருத்தர் மெட்ராஸில் இருக்கிறார். அதனால் இன்றைக்கு உறுப்புக் கல்லூரிக்குப் போகிற வழியிலேயே வெயிலுமுத்துவிடம் கேட்டுவிடலாம் என்று அவளுக்கு ஒரு யோசனை. கார் கேட்டைத் தாண்டும்போதே கேட்டாள், கேட்கலாமா சார் என்று, இவரிடம் இல்லை, கோயில்பிள்ளையிடம். அவர் சீட்டில் சாய்ந்துகொண்டு, "தாராளமா கேளும்மா. ஆனா நான் இருந்தா அவரு வாயத் திறக்க மாட்டாரு. நான் தூங்கிருதேன்" என்றார். தூங்கிருதேன் என்றால் என்ன அர்த்தம்? தூக்கம் என்ன கதவா, அடைக்கிறேன் என்று சொல்லி அடைப்பதற்கு? சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்தவர்தான், அதற்குப் பிறகு அசையவில்லை. அசையாமல் இருப்பதும் ஒரு சங்கடம். தூங்குகிறவன் அசைவான். கோயில்பிள்ளை தூக்கத்தில் மூக்கைத் தேய்ப்பார், கையை மடியிலிருந்து நழுவ விடுவார். இப்போது கை இரண்டும் வயிற்றின் மேல் கோத்தபடி அப்படியே இருக்கின்றன, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி.

போட்டோ. அதை இப்போது நினைக்கக் கூடாது. கோமுவை நினைக்க வேண்டும். கோமு அவருடைய மகள். புருஷன் செத்த பிறகு பல்கலைக்கழக நூலகத்தில் தினக்கூலிக்குப் புத்தகம் துடைத்து அடுக்குகிறாள். அவள் வேலையை நீட்டிக்கிற உத்தரவு திங்கட்கிழமை கையெழுத்தாக வேண்டும், கையெழுத்துப் போடுகிற கை இதோ, பின்சீட்டில், வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு இருக்கிறது. ஆகவே கேட்கிற கேள்விக்கெல்லாம் நல்லதாகச் சொல்லிவிட்டுப் போவதுதான் அறிவு. அஞ்சு, அஞ்சு, அஞ்சு. அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறாள், நான் ஒரு வாக்கியம் படிப்பேன், முழுக்க ஒத்துக்கிட்டா அஞ்சு, ஒத்துக்கவே மாட்டேன்னா ஒண்ணு, சொல்லத் தெரியலன்னா மூணு. வண்டியிலும் அஞ்சு கியர்தான். ஒண்ணில் ஏற்றம் ஏறலாம், அஞ்சில் பறக்கலாம், மூணில் ஊரும் இல்லாத காடும் இல்லாத இடத்தில் போகலாம். இதுவரை கேட்ட எல்லாவற்றுக்கும் அவர் மூணு என்றே சொல்லியிருக்கிறார். அஞ்சு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். நாக்கு போய் மூணில் விழுந்தது.

"'இவ்வளாகத்தில் நான் உள்ளடக்கப்பட்டவனாக உணர்கிறேன்'" என்று படித்தாள் நிலோபர். வெயிலுமுத்துவுக்குச் சம்புடத்துக்குள் ஊறுகாயை அடைத்த மாதிரி இருந்தது. "அப்படின்னா என்னம்மா?" என்றார். அவளே சிரித்துவிட்டாள். "எனக்கும் பிடிக்கல அங்கிள், இங்கிலீஷ்ல இருந்து யாரோ மாத்திட்டாங்க. இங்க நடக்கிற நல்லது கெட்டதுல உங்களையும் சேத்துக்கிறாங்களான்னு கேக்கிறாங்க." அங்கிள் என்கிறாள். இந்தக் காருக்குள் அவரை டிரைவர் என்பார்கள், வெயிலு என்பார்கள், இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் 'நிறுத்து, எடு' என்பார்கள். சேர்த்துக்கொள்கிறார்களா? பட்டமளிப்பு விழா என்றால் விருந்தாளியை ஸ்டேஷனிலிருந்து கூட்டிவருவது அவர்தான். கொண்டுவந்து வாசலில் இறக்கினால் மேளச் சத்தம் உள்ளே போகும், அவர் வண்டியைக் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் போடுவார். உள்ளே என்ன பேசினார்கள் என்று ஒலிபெருக்கியில் கேட்கும், கைதட்டும் கேட்கும், யார் யாருக்குத் தட்டினார்கள் என்று தெரியாது. அதையெல்லாம் அவர் குறையாக நினைத்ததில்லை. வண்டி என்று இருந்தால் யாராவது பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒரு நாள். அதை நினைக்கக் கூடாது என்று இப்போதுதான் சொல்லிக்கொண்டார். "மூணு" என்றார். "எல்லாம் மூணுதானா அங்கிள்?" "மூணுன்னே போடு தாயி." எழுதுகிற சத்தம் கேட்டது. கறுப்பு வட்டத்தில் ஒரு லாரி பெரிதாகி, பக்கத்தில் வந்து, காணாமல் போயிற்று.

ஒரு வேலை செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை ஒன்று உண்டு, அவருக்கு அது தெரியும், எந்தப் பக்கம் மேடு அதிகம் என்பதும் தெரியும். எப்போதும் பிரேக்கைத் தொட்டு, பூப்போல ஏற்றி இறக்குவார். இன்றைக்குத் தொடவில்லை. கார் எகிறிக் குதித்தது. "அல்லா!" என்றாள் நிலோபர், பேனா கோடு இழுத்துவிட்டது. கோயில்பிள்ளையின் தலை ஒரு பக்கம் ஆடி மறுபடி பழைய இடத்துக்கு வந்தது. வாயிலிருந்து "ம்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இந்த 'ம்' எந்த 'ம்'? தூக்கத்தில் ஆள் புரண்டால் வருகிற 'ம்'மா, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்கிற 'ம்'மா? முழித்திருந்தால் 'என்னவே, ரோட்டப் பாத்து ஓட்டும்' என்று ஒரு வார்த்தை வந்திருக்குமே. வராதபடியால் தூக்கம். ஆனால் தூங்குவதாகக் காட்டிக்கொள்கிறவன் அந்த வார்த்தையை விழுங்கித்தானே ஆக வேண்டும்? அப்படியானால் வராதபடியால் முழிப்பு. ஒரே 'ம்' இரண்டு பக்கமும் சாட்சி சொல்லுகிறது. "சார் நல்லா தூங்குறார், பாருங்க, இதுக்குக் கூட எழுந்திருக்கல" என்றாள் நிலோபர் தணிந்த குரலில். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும். ஆனால் அவள்தான் பக்கத்தில் இருக்கிறாள், மூச்சு விடுவது அவளுக்குத்தான் தெரியும். அவள் சொன்னதை நம்பலாமோ? நம்பினால் என்ன சொல்லப் போகிறோம்? சொல்வதற்கு என்னதான் இருக்கிறது? ஒரு படம். ஒரு படத்தில் இல்லை. பிறத்தியார் கேட்டால் சிரிப்பார்கள்.

வெள்ளிவிழா வருஷம் அது. நிர்வாகக் கட்டடத்து வாசலில் படிப்படியாகப் பலகை அடித்து, எல்லாருமாகச் சேர்ந்து ஒரு படம் எடுப்பது என்று சுற்றறிக்கை வந்தது. எல்லாரும் என்று எழுதியிருந்ததை ஷெட்டில் மேஸ்திரி இரண்டு தடவை படித்தார். துப்புரவுப் பெண்களுக்குப் புதுச் சேலை, தோட்டக்காரர்களுக்கு வேட்டி, டிரைவர்களுக்குத் தைத்த வெள்ளை யூனிபாரம். பெண்டாட்டி சொர்ணம் முந்தின நாள் கஞ்சி போட்டு விறைப்பாகத் தேய்த்துக் கொடுத்தாள். "எனக்கும் ஒரு காப்பி வாங்கிட்டு வாங்க. சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டணும்" என்றாள். "சாமிக்குப் பக்கத்துல மாட்டுனா செத்தவன்னு நினைப்பாங்கடி" என்று இவர் சொல்ல, "சரி, டிவிக்கு மேல" என்றாள். வரிசை வைத்தார்கள். டிரைவர்கள் இடது ஓரம், மூன்றாம் படி. ஐந்து பேரும் ஏறி நின்றாகிவிட்டது. முன்னால் நின்ற கணக்குப் பிரிவு அம்மாள் தலையில் வைத்திருந்த பிச்சிப்பூ வாசம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. பூ உயரமாக இருந்ததால் முகம் மறையுமோ என்று அவர் குதிகாலைத் தூக்கி நின்றார். அந்த நேரம்தான் குரல் வந்தது. "டிரைவரெல்லாம் வண்டியை எடுங்கப்பா! படத்துல விழுது!" அப்போது சூப்பிரண்டாக இருந்த கோயில்பிள்ளை, கையில் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு கீழே ஓடியாடிக்கொண்டிருந்தார். வண்டிகள் நின்றது வாசலோரம். ஐந்து பேரும் இறங்கினார்கள். எடு என்றால் எடுக்கிற கால் அது, யோசிப்பதற்கு முன்னாலேயே இறங்கிவிடும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் வண்டியைப் போட்டுவிட்டு, கஞ்சி போட்ட சட்டை முதுகில் ஒட்ட ஒட்ட ஓடிவந்தால், பலகையில் ஆளில்லை. எல்லாரும் ரோஸ்மில்க் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். "எங்கவே போனீங்க?" என்று கேட்டான் ஸ்டோர் கீப்பர். எங்கே போனோம்.

ரயில்வே கேட் அடைத்திருந்தது. வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்தார். காற்று நின்றது. இப்போது கேட்கலாம். வெயிலுமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைப் பின்னால் கொடுத்தார். விசில் இல்லை. மூச்சு வருகிறது, போகிறது, சாதாரண மூச்சு, யாருடைய மூச்சு என்றும் நிச்சயமில்லை, அந்தப் பிள்ளையின் மூச்சாகவும் இருக்கலாம். கிழக்கு வெயில் இடது ஜன்னல் வழியாகக் கோயில்பிள்ளையின் தோளில் விழுந்து கிடந்தது. அதைப் பார்க்க அவருக்கு உள்ளூர ஒரு திருப்தி வந்தது. அது பழைய திருப்தி. அந்தப் படம் எடுத்த நாளிலிருந்து அவர் கோயில்பிள்ளையை சார் என்று கூப்பிட்டதில்லை. 'வந்தாச்சு', 'போலாமா', 'டீசல் போடணும்', இப்படி மொட்டையாகவே பேசிப் பழகியிருக்கிறார். இன்னொன்றும் செய்வார். கோயில்பிள்ளை எங்காவது கூட்டத்துக்குப் போனால், நிழல் இருந்தாலும் நிழலில் விட மாட்டார். இடது பின்சீட்டில் வெயில் விழுகிற மாதிரி பார்த்து நிறுத்துவார். திரும்பி வந்து உட்காருகிறபோது ரெக்சின் சுடும், அந்த ஆள் 'ஸ்ஸ்' என்பார். அந்த 'ஸ்ஸ்' அன்றைய பொழுதுக்குப் போதும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட 'ஏன்வே வெயில்ல போட்டீரு' என்று அவர் கேட்டதில்லை. ஏன் கேட்டதில்லை? இதுவரை தோன்றாத கேள்வி இப்போது தோன்றியது. தெரியவில்லையா, தெரிந்துதான் கேட்கவில்லையா? அட, இது வேறு தொல்லை.

வெள்ளரிப்பிஞ்சு விற்கிற பொம்பளை ஒருத்தி தட்டோடு ஜன்னலுக்கு வந்தாள். நிலோபர் வாங்கினாள். ஒன்றைப் பிளந்து உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிக் கொடுத்ததை முன்னால் நீட்டி, "சாப்பிடுங்க அங்கிள்" என்றாள். அவர் கை துடைத்து வாங்கிக்கொண்டார். பின்சீட்டிலிருந்து முன்சீட்டுக்கு ஒன்று வந்து அவர் பார்த்ததில்லை. கைக்குள் குளுகுளு என்று இருந்தது, கடிக்கத் தோன்றவில்லை. இந்தப் பிள்ளையிடம் சொல்லலாம் என்று அந்தக் குளிர்ச்சியிலேயே ஒரு எண்ணம் ஓடியது. ஆமாம், அந்த ஆள் தூங்குகிறார். தூக்கம்தான். ஆப்பரேஷன் ஆன உடம்பு, மாத்திரை கொடுத்திருப்பார்கள், மாத்திரைத் தூக்கத்துக்கு விசில் வராது. நிச்சயம் தூக்கம். மனசு லேசாகி அவர் வெள்ளரியைக் கடித்தார். அப்போது அந்தப் பொம்பளை காருக்குள் குனிந்து, "ஐயாவுக்கு வேண்டாமா? பாவம், என்னையே பாத்துக்கிட்டு இருக்காரு" என்றாள். "அவர் தூங்குறாரும்மா" என்றாள் நிலோபர். "தூங்கவா செய்யுதாரு? ஆளு நேராப் பாத்த மாதிரில்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த காருக்குப் போய்விட்டாள். ஆள் போய்விட்டாள், சொன்னது போகவில்லை. வெயிலுமுத்து சின்னக் கண்ணாடியைப் பார்த்தார். கறுப்பு வட்டங்கள் இரண்டும் அவரையே பார்த்த மாதிரி இருந்தன. தலையை வலது பக்கம் நகர்த்திப் பார்த்தார், அப்போதும் அவரையே. எந்தப் பக்கம் போனாலும் பார்க்கிற கடவுள் படம் மாதிரி. ரயில் வந்தது. ஒவ்வொரு பெட்டியும் அந்தக் கறுப்பில் கீற்றுக் கீற்றாக ஓடியது. கண் அசைந்தாலும் அதில் தெரியாது.

கேட் திறந்து வண்டி நகர்ந்ததும், "கடைசிக் கேள்வி அங்கிள், இதுக்கு நம்பர் கிடையாது. நீங்களே சொல்லணும்" என்றாள். "இங்க நம்மள ஒரு ஆளா நினைக்கலையேன்னு உங்களுக்குத் தோணின ஒரு சம்பவம். எதுவா இருந்தாலும். பேர் எதுவும் எழுத மாட்டேன்." பேர் எழுதாவிட்டால் என்ன? பேருக்குச் சொந்தக்காரர் உன் தோளுக்குப் பக்கத்தில் இருக்கிறாரே தாயி. ஒன்றும் இல்லை என்று சொல். ஒன்றும் இல்லம்மா, எல்லாரும் நல்லபடியா இருக்காங்க. அவ்வளவு சொன்னால் போதும். திங்கட்கிழமை கையெழுத்து விழும், கோமு அடுத்த ஆறு மாசம் புத்தகம் துடைப்பாள், பேத்திக்குப் பள்ளிக்கூடச் செலவு நடக்கும். வாயைத் திறந்தார். நினைப்பில் கோமு வரவில்லை, சொர்ணம் வந்தாள். படம் வந்து கொஞ்ச நாளைக்குப் பிறகு, "எங்க எங் காப்பி?" என்று கேட்டாள். "படம் கருகிப்போச்சாம்டி, விழலையாம்" என்று இவர் சொன்னார். அவளும் நம்பினாள். வருஷங்கள் போய், கோமுவை வேலைக்குக் கூப்பிட்டு விட்ட அன்று சொர்ணமும் கூட வந்தாள். நிர்வாகக் கட்டடத்து வராந்தாவில், கதவு மாதிரி பெரிசாக அந்தப் படம் தொங்கியது. அவள் அதற்கு முன்னால் நின்றாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், விரலைக் கண்ணாடியில் படாமல் காற்றிலேயே நகர்த்தி நகர்த்தி. இவர் தூணுக்குப் பின்னால் நின்றார். கருகிப்போச்சுன்னீங்களே என்று அவள் கேட்கவில்லை. கடைசியில் இடது ஓரத்துக்கு வந்தாள். அங்கே மூன்றாம் படியில் ஐந்து ஆள் நிற்கிற இடம் காலி. அதற்குக் கீழே, படத்தின் விளிம்பில், ஒரு வெள்ளைக் காரின் பம்பர் ஒரு முழம் தெரிந்தது. ஆட்களைப் படியிலிருந்து இறக்கி வண்டியை எடுக்கச் சொல்லியும், வண்டி முழுக்கப் போய்ச் சேர்வதற்குள் படத்தை எடுத்துவிட்டார்கள். "இது உங்க வண்டிதானங்க?" என்றாள் சொர்ணம். "நெளிவு இருக்கு பாருங்க, அந்த ஆட்டோக்காரன் இடிச்சது." ஆமாம் என்றார். "வண்டியாவது இருக்கே" என்றாள். அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, அதுதான் இன்றைக்கு வரைக்கும் குத்துகிறது.

"எங்க ஷெட்டுல ஒருத்தரு இருந்தாரும்மா" என்று அவர் வாய் சொன்னது. யார் சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை. "அவருக்கு நடந்தது. வெள்ளிவிழாவுக்குப் படம் எடுத்தாங்க. எல்லாரும் நின்னாச்சு. அவரும் நின்னாச்சு. அப்ப வண்டியை எடுன்னு சத்தம் போட்டாங்க. எடுத்துட்டு வரதுக்குள்ள படம் எடுத்து முடிஞ்சிட்டு." நிலோபர் எழுதவில்லை. "காத்திருக்கலையா?" என்றாள். "ஏன் காத்திருக்கணும்? ஆளு குறையுதுன்னு தெரிஞ்சாத்தானே." "யார் சத்தம் போட்டது?" கண்ணாடி. கறுப்பு. அந்தக் குரலை மறுபடி கேட்டுப் பார்த்தார். டிரைவரெல்லாம் வண்டியை எடுங்கப்பா. கைக்குட்டை ஆடுகிறது. கைக்குட்டையைப் பார்த்தது நிஜம். வாயைப் பார்த்தாரா? படத்துக்காரன், கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவன், அவன் குரலா? அப்படி நினைத்ததே இல்லையே. இத்தனை வருஷம் ஒரே வாயிலிருந்து வந்த குரல் இப்போது வாய் தேடி அலைகிறது. "யாரோ" என்றார். "கூட்டத்துல யாரோ." "அந்த டிரைவர் இப்ப இருக்காரா?" "ரிட்டயர் ஆயிட்டாரு" என்றார். ஐந்தாவது கியருக்கு மாற்றினார். ரோட்டின் இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன, சில முன்னால் சுற்றுவது போலவும் சில பின்னால் சுற்றுவது போலவும் இருந்தது. பிள்ளை இப்போதுதான் எழுத ஆரம்பித்தாள். அழிக்கச் சொல்லலாமா? சொன்னது பொய்தானே, ஒருத்தருக்கு நடந்தது என்றுதானே சொன்னோம். ஆனால் ஐந்து பேரில் நாலு பேர் போய்விட்டார்கள். மிச்சம் இருக்கிற டிரைவர் யார் என்று கணக்குப் போடத் தெரியாதவரா அந்த ஆள்? கோமு, கோமு, உங்கப்பன் வாய் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

உறுப்புக் கல்லூரி வாசலில் முதல்வரும் ஆசிரியர்களும் சால்வையோடு நின்றுகொண்டிருந்தார்கள். வண்டி நின்றதும் நிலோபர் காகிதங்களை அள்ளிக்கொண்டு, "தேங்க்ஸ் அங்கிள், எழுதினதுல இதுதான் எனக்கு மறக்காது" என்று சொல்லி இறங்கிப்போனாள். கோயில்பிள்ளை இறங்கவில்லை. விழித்துக்கொண்ட மாதிரி முறுக்கவும் இல்லை, கொட்டாவி விடவும் இல்லை. கோத்த கையைப் பிரித்தார். "வெயிலுமுத்து" என்றார். முழுப் பெயர். "சொல்லுங்க." "உம்ம மக ஃபைலு திங்கக்கிழமை எம் மேசைக்கு வருது." "ஆமா." என்ன அர்த்தம்? வருது, பாத்துக்கிடுதேன் என்பதா? வருது, பாத்துக்கிடும் என்பதா? குரலில் மேடும் இல்லை பள்ளமும் இல்லை. கண்ணைப் பார்த்தால் தெரிந்துபோகும். கதவைத் திறந்து, தரை எங்கே இருக்கிறது என்று காலால் தடவிக்கொண்டே அவர் இன்னொன்றும் கேட்டார். "அந்தப் படம் நம்ம வராந்தாவுல தொங்குதுல்லா. அதுல நான் எங்க நிக்கேன்னு என்னைக்காவது பாத்திருக்கீரா?" பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போய்விட்டார்.

எங்கே நிற்கிறார்? வெயிலுமுத்து கண்ணை மூடிப் படத்தைக் கொண்டுவந்தார். தினம் பார்க்கிற படம். நாற்காலியில் துணைவேந்தர், பதிவாளர், பேராசிரியர்கள். அங்கே இல்லை, அப்போது அவர் சூப்பிரண்டு. முதல் படியில் அதிகாரிகள். இரண்டாம் படியில் பிச்சிப்பூ அம்மாள், மற்ற சூப்பிரண்டுகள், மீசைக்காரர், வழுக்கைத் தலை, ஒருத்தர் கண்ணை மூடியிருப்பார். அவர்களுக்கு நடுவில்? வலது ஓரத்தில்? இல்லை, அது ஸ்டோர் கீப்பர். வெயிலுமுத்து எப்போதும் இடது ஓரத்துக்குத்தான் போவார், காலிப் படியையும் பம்பரையும் பார்ப்பார், வயிறு எரியும், வந்துவிடுவார். மற்ற முகங்களில் கோயில்பிள்ளை எங்காவது இருக்கத்தானே வேண்டும் என்று விட்டுவிட்டார். தேடித் தேடிப் பார்த்தார். வெள்ளைக் கைக்குட்டை ஒன்று கீழே ஓடிக்கொண்டே இருந்தது, எந்தப் படியிலும் ஏறவில்லை. இல்லையா? அப்படியானால் அந்த ஆள் சீட்டில் இத்தனை வருஷம் வெயில் விழவிட்டது எதற்கு? ஆனால் அந்த ஆள் கேட்டதைக் கொண்டு அப்படி எடுத்துக்கொள்வதா? படத்தில் எங்கேயோ நின்றுகொண்டுதான் கேட்கிறாரோ, நீ சரியாகப் பார்க்கவில்லை என்று குத்துகிறாரோ? திரும்பிப் போனதும் முதல் வேலையாகப் பார்க்க வேண்டும். பார்த்து, இல்லை என்று தெரிந்தால், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இருந்தாலும்தான் என்ன செய்வது?

"டிரைவர்! டிரைவர்!" என்று யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். கழுத்தில் கேமரா தொங்கவிட்ட இளம் ஆசிரியர். "வண்டியைக் கொஞ்சம் பின்னால எடுங்க, படத்துல விழுது." வெயிலுமுத்து அவரைப் பார்த்தார். வாசல் படியில் சால்வைகளோடு வரிசை சேர்ந்துகொண்டிருந்தது, நடுவில் நிலோபர் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றாள். "சாரும் வாங்க, நடுவுல வாங்க" என்று முதல்வர் கூப்பிட, கோயில்பிள்ளை கையை ஆட்டி, "இல்ல இல்ல, பிளாஷ் வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது. நீங்க எடுங்க" என்று ஒதுங்கி, இடது பக்கத் தூணோரம் போய் நின்றார். யாரும் இரண்டாவது தடவை கூப்பிடவில்லை. வெயிலுமுத்து சாவியைத் திருப்பினார். ரிவர்ஸ் போட்டார். கால் தானாக அழுத்தியது, யோசிப்பதற்கு முன்னால் இறங்குகிற அதே கால். வண்டி பின்னால் போயிற்று, வரிசை சின்னதாயிற்று, படி முழுக்கத் தெரிந்தது, தூணும் தூணோரத்து மனிதரும் தெரிந்தார்கள். படத்தில் விழாத தூரம் எது என்று அவருக்குத் தெரியும். இத்தனை வருஷமும் தினம் நின்று பார்த்த தூரம் அது. அதற்கு ஒரு முழம் முன்னால் பிரேக்கை மிதித்தார்.

"இன்னும் கொஞ்சம் டிரைவர்! பம்பர் தெரியுது!" என்று கத்தினார் கேமராக்காரர். வெயிலுமுத்து என்ஜினை அணைத்தார். "நின்னுட்டு" என்றார் ஜன்னல் வழியாக. "என்னது?" "வண்டி நின்னுட்டு. நீங்க எடுங்க." கேமராக்காரர் சலித்துக்கொண்டு, சரி ஓரத்துல தானே என்று கேமராவைத் தூக்கினார். கோயில்பிள்ளை தூணோரத்திலிருந்து காரின் பக்கம் முகத்தைத் திருப்பினார். பம்பருக்கும் அவருக்கும் நடுவில் நாலு எட்டு இருக்கும். வெளிச்சம் அடித்தது. கறுப்புக் கண்ணாடியில் இரண்டு சின்னப் பொறி தெறித்து அணைந்தது. உள்ளே கண் இமைத்ததா என்று வெயிலுமுத்துவுக்குத் தெரியவில்லை.